பெரிய அலையில் சறுக்குவது ஒரு வேலையா? சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?

கணக்கம்மா (புதுச்சேரி)

வணக்கம். கேள்வி கொஞ்சம் விசித்திரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் பத்தாம் வகுப்பு விடுமுறையில் செரினிட்டி கடற்கரையில் சர்ஃபிங் கற்றுக்கொள்ளப் போனாள். பத்து நாளில் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளி நாளில் நாலு தடவை எழுப்ப வேண்டியவள், ஞாயிறு காலை ஐந்தரைக்குத் தானாக எழுந்து பலகையோடு நிற்கிறாள். துணி அலமாரிக் கதவில் ஒரு படம் ஒட்டியிருக்கிறாள். பச்சையாக ஒரு மலை, அதன் சரிவில் எறும்பு மாதிரி ஒரு ஆள். கிட்டப் போய்ப் பார்த்தால் அது மலை இல்லை, தண்ணீர். எறும்பு, மாயா கபெய்ரா என்ற பிரேசில் பெண்ணாம். 73 அடி அலையாம். எங்கள் வீடு மாடியோடு சேர்த்தே 24 அடிதான்.

அந்தப் பெண் 2025 ஜனவரியில் பெரிய அலைகளிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தாராம், 37 வயதில். நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருபது வருடமாகக் கணக்கு பார்ப்பவள். ஓய்வு என்றதும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: எந்த வேலையிலிருந்து? கிரிக்கெட் என்றால் வாரியம் இருக்கிறது, மேட்சுக்கு இவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. அலை எந்த வாரம் வரும் என்றே தெரியாத தொழிலில் வரவு எங்கிருந்து வருகிறது? செலவு யார் தலையில் விழுகிறது? அடிபட்டால் என்ன ஆகும்?

மகளை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

நாகூரான் (நசரே, போர்ச்சுகல்)

அக்கா, அந்தப் படத்தில் இருக்கிற தண்ணீருக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஊர் பெயர் நசரே, லிஸ்பனிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் வடக்கே. 2019இல் வந்தேன், கடற்கரைத் தெருவில் ஒரு உணவகத்தில் சமையலறை வேலை. வந்த முதல் வாரம், மணலில் கம்பிவலைச் சட்டங்களில் கிழவிகள் மீனைப் பிளந்து காயப்போட்டிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். கருவாடு! வாசனையில் ஒரு வித்தியாசமும் இல்லை. அதில் ஒரு பாட்டி முழங்காலுக்கு மேல் அடுக்கடுக்காகப் பாவாடை கட்டியிருந்தார். ஏழு பாவாடை கட்டுவது இந்த ஊர் மீனவப் பெண்களின் வழக்கம்.

ஊரின் ஒரு பக்கம் 100 மீட்டருக்கு மேல் உயரமான பாறை. ஏற ஒரு கம்பி ரயில் உண்டு, பழனி விஞ்ச் மாதிரி, 1889இலிருந்து ஓடுகிறது. பாறையின் மூக்கில் ஒரு சின்னக் கோட்டை, அதன் தலையில் சிவப்புக் கலங்கரை விளக்கம். மூக்குக்குத் தெற்கே கோடையில் குழந்தைகள் குளிக்கிற கடல். வடக்கே அந்த அலை. நடுவில் ஒரு பாறைதான். காரணம் அடியில் இருக்கிறது. கடலுக்குள் 200 கிலோமீட்டருக்கு மேல் நீளமான பள்ளத்தாக்கு ஒன்று, ஆழமான இடத்தில் 5,000 மீட்டர், நேராக இந்த மூக்கைப் பார்த்து வந்து முடிகிறது. வட அட்லாண்டிக் புயல் தள்ளிவிடும் அலை அந்த ஆழத்தின் மேல் வேகம் குறையாமல் வரும். பக்கத்து மேட்டின் மேல் வருவது தரை தட்டித் தளரும். இரண்டும் கோட்டைக்கு முன்னால் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக்கொள்ளும். கரையோரமாக ஓடிவரும் நீரோட்டம் வேறு எதிரில் போய் முட்டித் தூக்கிவிடும்.

இப்போது உங்கள் கணக்கு. சம்பளம் என்று யாரும் கொடுப்பதில்லை அக்கா. வரவு ஒப்பந்தத்தில் வருகிறது: சர்ஃபிங் உடுப்பு செய்பவர்கள், எனர்ஜி பானம் விற்பவர்கள். அவர்கள் வாங்குவது படத்தை. அலையின் மேல் இருக்கும் அந்த இருபது, முப்பது விநாடி யாராவது படமாக எடுத்திருந்தால்தான் சரக்கு. செலவு என்றால், அலைக்குள் இழுத்துவிட ஜெட் ஸ்கீ (தண்ணீரில் ஓடும் மோட்டார் சைக்கிள்) ஒன்று, காப்பாற்ற இன்னொன்று, அதை ஓட்ட ஆள், பாறை மேல் வயர்லெஸ்ஸோடு நின்று எந்த அலை வருகிறது என்று சொல்ல ஒரு ஆள், காற்று நிரம்பும் சட்டை, பாதத்தைப் பட்டையில் மாட்டிக்கொள்ளும் கனமான குட்டைப் பலகைகள். பலகை உடைவது எங்கள் கடையில் தட்டு உடைவது மாதிரி.

மாயா 1987இல் ரியோவில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. அப்பா ஃபெர்னாண்டோ கபெய்ரா அங்கே பெரிய ஆள். 1969இல், ராணுவ ஆட்சிக் காலத்தில், அமெரிக்கத் தூதரைக் கடத்திய குழுவில் இருந்தவர். பிறகு பசுமைக் கட்சி, நாடாளுமன்றம் என்று போனார். அந்த வீட்டில் பெண் அடங்கி இருப்பாள் என்று எதிர்பார்ப்பது கஷ்டம்தான். பதின்ம வயதிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டு ஹவாய் போய்ச் சேர்ந்தார். அங்கே உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்துக்கொண்டு பெரிய அலை பழகினார். (இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் தனிப் பாசம்.) 2007 முதல் 2010 வரை தொடர்ந்து நான்கு வருடம் பெண்களுக்கான பெரிய அலை விருது அவருக்குத்தான். ஒப்பந்தங்களும் வந்தன. உங்கள் கணக்கில் இது லாப வருடங்கள்.

2013 அக்டோபர் 28 இங்கே நடந்தது. அலை அவரைத் தூக்கி எறிந்தது, கால் எலும்பு முறிந்தது, அடுத்தடுத்த அலைகள் மேலே விழுந்தன. உடன் வந்த கார்லோஸ் புர்லே கயிற்றை வீசினார். அதையும் பிடித்து, விட்டு, கடைசியில் முகம் குப்புற நினைவில்லாமல் மிதந்தார். புர்லே ஸ்கீயை விட்டுக் குதித்து அவரைக் கரைக்கு இழுத்தார். மணலில் வைத்து நெஞ்சை அழுத்தி மூச்சைத் திருப்பினார்கள். அதே நாள் புர்லே திரும்பக் கடலுக்குப் போய் ஒரு ராட்சத அலையில் இறங்கினார். செய்தியில் பாதி புர்லேயின் சாதனைக்கு, பாதி மாயாவுக்குத் தகுதி உண்டா என்ற கேள்விக்கு. ஜெட் ஸ்கீ கட்டி இழுக்கும் முறையை 1990களில் வளர்த்தவர்களில் ஒருவரான லெயர்ட் ஹாமில்டன், இந்தப் பெண்ணுக்கு இந்தக் கடலில் இறங்கும் திறமை கிடையாது என்று தொலைக்காட்சியில் சொன்னார். ஆண்கள் விழாத கடலா இது?

அதற்குப் பிறகு முதுகில் மூன்று அறுவைச் சிகிச்சை. ஒப்பந்தங்கள் போயின. அடிபட்டால் என்ன ஆகும் என்று கேட்டீர்களே, இதுதான் ஆகும். இந்த இடத்தில் நானாக இருந்தால் ரியோவுக்கு டிக்கெட் எடுத்திருப்பேன். அவர் 2015இல் நசரேக்கே குடி வந்துவிட்டார்.

இங்கே பழைய ஆட்கள் அவரைப் பற்றிப் பேசும்போது 73 அடியைச் சொல்வதில்லை. அது வந்து போகிற சாதனை, யாராவது உடைப்பார்கள். விழுந்த கடலுக்கு எதிரிலேயே வீடு பார்த்து, மழையும் குளிருமான குளிர்காலங்களை இந்தச் சின்ன ஊரில் காத்துக் கழித்தார் என்பதைத்தான் சொல்வார்கள். எனக்கும் அதுதான் பெரிதாகப் படுகிறது. பாதிக் குளிர்காலம் ஒன்றுமே வராது. நானே பார்த்திருக்கிறேன், மூன்று வாரம் சாம்பல் நிறத் தூறல் மட்டும்.

2018 ஜனவரி 18இல் 68 அடி அலையில் இறங்கினார். அப்போது பெண்களுக்கு என்று பெரிய அலை உலக சாதனைப் பிரிவே கிடையாது. கேட்டுக் கேட்டுப் பார்த்து, மாதக்கணக்கில் பதில் வராமல், இணையத்தில் கையெழுத்து வாங்கினார். ஆயிரக்கணக்கானவர்கள் போட்ட பிறகு, அக்டோபர் 1இல் கின்னஸ் சான்றிதழ் வந்தது. அலையில் இருந்தது அரை நிமிடம், காகிதத்துக்கு எட்டு மாதம். அரசு அலுவலகம் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ரெண்டாம் இன்ஜினியர் (தூத்துக்குடி, இப்போது கப்பலில்)

தம்பி நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு இரண்டு சந்தேகம். பதினெட்டு வருடம் கடலில் இருக்கிறேன். வட அட்லாண்டிக் குளிர்காலத்தில் கப்பலின் முன்பக்கம் தண்ணீருக்குள் போய் எழுவதைப் பார்த்தவன். நாங்கள் பதிவேட்டில் எழுதுவது ஏதோ ஒரு பெரிய அலையின் உயரம் அல்ல, உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. அது 10 மீட்டர் என்றாலே சமையல்காரர் அடுப்பை அணைத்துவிடுவார். 73 அடி, அதாவது 22 மீட்டர் என்று யார், எந்தக் கருவியை வைத்து அளந்தார்கள்? அலை நின்றுகொண்டா இருக்கிறது?

இன்னொன்று, ஜெட் ஸ்கீ இழுத்துக்கொண்டு போய் விடுகிறது. நின்றால் போதும். இதில் ஆளின் திறமை எவ்வளவு, இன்ஜின் திறமை எவ்வளவு? குறை சொல்லவில்லை, இன்ஜின்காரன் கேட்கிறேன்.

நாகூரான்

அண்ணே, கப்பலில் நீங்கள் பார்ப்பது ஆழக்கடல் அலை. இங்கே அது கரை தட்டி நிமிர்ந்து உடைகிற நேரத்தில் அதன் முகத்தை மட்டும் அளக்கிறார்கள், அடியிலிருந்து உச்சி வரை. படத்தை வைத்துத்தான் அளவு. படத்தில் நீளம் தெரிந்த பொருள் ஒன்று வேண்டும்: ஆளின் முழங்காலுக்குக் கீழே உள்ள கால், பலகை, பக்கத்தில் ஓடும் ஸ்கீ. அந்த ஒரு அளவை வைத்து, கேமரா நின்ற கோணத்தையும் கணக்கில் எடுத்து, அலையை மடக்கி மடக்கி அளக்கிறார்கள். தையற்கடையில் முழம் போடுவது மாதிரிதான், கம்ப்யூட்டரில். 2020இல் மாயா இறங்கிய அந்த 73 அடி அலையைக் கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவன விஞ்ஞானிகளும் சேர்ந்து அளந்தார்கள். தகராறு எப்போதும் அடியில்தான் வரும். அலையின் அடி எங்கே ஆரம்பிக்கிறது என்பதில் ஆளுக்கு ஒரு கோடு.

அந்த 2020 பிப்ரவரி 11 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செவ்வாய்க்கிழமை. உலக சர்ஃப் லீக்கின் ஜெட் ஸ்கீ போட்டி. எங்கள் கடையில் காலையிலேயே மீன் சூப் தீர்ந்துவிட்டது. மதியம் ஒரு மணி நேரம் கெஞ்சி வாங்கிக்கொண்டு, ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் பாறை மேல் ஓடினேன். அலை உடையும்போது முதலில் காதுக்கு வருவதில்லை அண்ணே, உள்ளங்காலுக்கு வருகிறது. பாறை லேசாக அதிரும். அப்புறம்தான் சத்தம். எச்சில் மாதிரி உப்புத்தூறல் முகத்தில். ஆட்கள் புள்ளியாகத் தெரிந்தார்கள். புள்ளிக்குப் பின்னால் சாக்பீஸால் இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோடு கீழே போகப் போக, மேலே சுவர் வளர்ந்துகொண்டே இருந்தது. யார் ஆண், யார் பெண், யார் எந்த நாடு, ஒன்றும் தெரியாது. பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அன்று போட்டியில் பெண்களில் பரிசு வாங்கியது மாயா இல்லை, பிரான்ஸின் ஜஸ்டின் டியூபோன். அதே நாள் போர்ச்சுகலின் அலெக்ஸ் பொத்தேலியு என்ற சர்ஃபர் நினைவிழந்து, உயிர் போய்த் திரும்பியது. செப்டம்பரில்தான் அளவு வந்தது: மாயாவின் அலை 73.5 அடி. டியூபோனின் அலை சில அடி குறைவு. டியூபோன் அந்த அளவை ஒப்புக்கொள்ளவில்லை, வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் ஒன்று: அந்த வருடம் ஆண், பெண் எல்லோரையும் சேர்த்து அளந்ததில் மாயாவின் அலைதான் உயரம். எனக்குத் தகவல் தெரிந்தபோது உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்த கோடுகளில் எது அது என்று இன்றுவரை தெரியாது.

இன்ஜின் கேள்வி நியாயமானது. கையால் துடுப்பிட்டு அந்த வேகத்தில் ஓடும் அலையைப் பிடிக்க முடியாது, அதனால்தான் இழுப்பது. கயிற்றை விட்ட பிறகு இன்ஜின் இல்லை, பிரேக்கும் இல்லை. சரிவு முழுக்கக் குண்டும் குழியுமாக இருக்கும். அதில் முழங்காலை மடக்கி நிற்பது, எங்கள் ஊர் மண் சாலையில் டிவிஎஸ் ஐம்பதை நின்றுகொண்டே ஓட்டுவது மாதிரி, பின்னால் ஏழு மாடிக் கட்டடம் சரிந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் துடுப்பிட்டுப் பிடிப்பதற்குத் தனிச் சாதனை இருக்கிறது. பெண்களில் ஆஸ்திரேலியாவின் லாரா எனெவர், 2023 ஜனவரியில் ஹவாயில், 43.6 அடி.

உப்புக்காற்று (கோவளம்)

கணக்கம்மா அக்கா, நான் கோவளத்தில் சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்த கடல் நான்கு, ஐந்து அடி. அதிலேயே ஒரு தடவை அடுத்தடுத்து இரண்டு அலை மேலே விழுந்து, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் மணலைப் பிடித்து இழுத்திருக்கிறேன், அதுதான் மேல் என்று நினைத்து. பத்து, பன்னிரண்டு விநாடி இருந்திருக்கும். நசரேயில் உள்ளே போனால் இதைப் பலமடங்காக்கிக்கொள்ளுங்கள். ஆஸ்துமாவோடு ஒருத்தி அதற்காக மூச்சைப் பழக்கினார் என்பதுதான் எனக்கு அதிசயம்.

வரவு கேட்டீர்கள். மாயாவுக்காவது ஒப்பந்தம் இருந்தது. இந்தத் தொழிலில் பெரும்பாலான பெண்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டுதான் அலைக்குப் போனார்கள். கலிஃபோர்னியாவின் மாவரிக்ஸ் அலையில் முதலில் இறங்கிய பெண் சாரா கெர்ஹார்ட், 1999இல். அவர் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கிய கல்லூரி ஆசிரியர். ஆண்ட்ரியா மோலர், இவரும் பிரேசில்காரர், ஹவாயின் மாவி தீவில் ஆம்புலன்ஸில் பாராமெடிக். 2023இல் ஹவாயின் எடி ஐக்காவ் பெரிய அலைப் போட்டியில் முதல் தடவையாகப் பெண்களும் இறங்கினார்களே, அதில் அவரும் உண்டு. பேஜ் ஆம்ஸ், 2016 நவம்பரில் அதே மாவி தீவின் ஜாஸ் அலையில் நடந்த முதல் பெண்கள் பெரிய அலைப் போட்டியை வென்றவர். உடைந்த பலகைகளை ஒட்டிச் சரிசெய்யும் வேலை பார்த்தவர். பலகை ஒட்டும் ரெசின் பசையைத் தேய்த்துத் தேய்த்து விரல் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும்.

போட்டியில் சேர்ப்பதற்கே சண்டை போட வேண்டியிருந்தது. மாவரிக்ஸ் போட்டியில் பெண்களுக்கு இடம் கேட்டு பியான்கா வலென்டி, கீயாலா கென்னலி, மோலர், ஆம்ஸ் நான்கு பேரும் குழு அமைத்துக் கடற்கரை ஆணையத்தின் அனுமதி விசாரணை வரைக்கும் போனார்கள். அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கடல் பொதுச் சொத்து, அதில் போட்டி நடத்த அரசு அனுமதி வேண்டும், அனுமதி வேண்டுமென்றால் எங்களையும் சேர். பிறகு ஒரே பரிசுத் தொகையும் கேட்டார்கள். 2018 செப்டம்பரில் உலக சர்ஃப் லீக், அடுத்த ஆண்டு முதல் ஆண், பெண் இருவருக்கும் ஒரே பரிசு என்று அறிவித்தது. கலிஃபோர்னியாவில் அதற்கு அடுத்த வருடம் சட்டமே வந்தது.

உங்கள் பெண்ணைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ஐந்தரைக்குத் தானாக எழுகிறவர்கள் எங்கள் பயிற்சியில் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான். அவர்களை அம்மா தடுத்தும் நான் பார்த்திருக்கிறேன், தடுத்து நின்றதைப் பார்த்ததில்லை.

ரெண்டாம் இன்ஜினியர்

பிரேக் இல்லை என்ற இடத்தில் ஒப்புக்கொண்டேன். காலை முழமாக வைத்து அளப்பது எனக்குப் பிடித்துவிட்டது. நாளை மூன்றாம் இன்ஜினியரிடம் சொல்லிக் குழப்பப்போகிறேன்.

கணக்கம்மா

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இதை மகளிடம் படித்துக் காட்டினேன். 2013 விபத்து வந்ததும் நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். "எனக்குத் தெரியும்மா, அந்தப் படமும் இருக்கு" என்று அலமாரிக் கதவைத் திறந்தாள். உள்பக்கம், என் பழைய பட்டுப்புடவை தொங்கும் பக்கமாக, இன்னொரு படம். மணலில் ஒரு பெண் கிடக்கிறார், சுற்றி நான்கு பேர் குனிந்திருக்கிறார்கள். இரண்டு வருடமாக அந்த அலமாரியை நான்தான் தினமும் திறக்கிறேன், பார்த்ததில்லை.

வாதம் தேடி வந்தவளிடம் இப்போது வாதம் இல்லை. பாராமெடிக் என்ற சொல்லை மட்டும் அவள் இரண்டு தடவை கேட்டாள். உப்புக்காற்று, கடலில் ஆளைக் காப்பாற்றும் பயிற்சி உங்கள் பக்கம் எங்காவது நடக்கிறதா? என்ன வயதில் சேர்ப்பார்கள், கட்டணம் எவ்வளவு? நாகூரான் தம்பி, அந்த அலையை இங்கிருந்து பார்க்க வழி உண்டா?

உப்புக்காற்று

தனிச் செய்தியில் விவரம் அனுப்புகிறேன் அக்கா. முதல் நாள் நீங்களும் வாருங்கள். நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மணலில் பொம்மையை வைத்து நெஞ்சை அழுத்தச் சொல்லித்தருவோம். அது அம்மாக்களுக்குச் சீக்கிரம் வந்துவிடும்.

நாகூரான்

உண்டு அக்கா. பாறை மேல் கேமரா வைத்து இணையத்தில் நேரலையாக விடுகிறார்கள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை பாருங்கள், பாதி நாள் ஒன்றும் இருக்காது, கோபப்படாதீர்கள். பெரிய அலை வருவது இரண்டு, மூன்று நாள் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். முதலாளி இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு அதிகமாக எடுத்துவரச் சொல்வார். அன்றைக்கு இங்கே ஒரு வரி போடுகிறேன். இங்கே காலை ஒன்பது என்றால் உங்களுக்கு மதியம் இரண்டரை. ஞாயிறாக அமைந்தால் சாப்பிட்டு முடித்துவிட்டு உட்காரலாம்.